பெரியம்மா கடிக்கவில்லை

சுறா மனிதர்களைக் கடிப்பது அபூர்வம். சுறா கடித்ததாக மனிதர்கள் சொல்வது அபூர்வமே இல்லை. இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் என் உத்தியோகம்.

கடற்கரைப் பாதுகாப்பு அலுவலகத்தில் நான் கடி விசாரணை அதிகாரி. இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது, என் வீட்டுக்காரர் உட்பட. பதினோரு வருடங்களில் என் மேசைக்கு வந்த கடிகள் நாற்பத்து மூன்று. அவற்றில் உண்மையிலேயே சுறா கடித்தவை ஆறு. மீதியில் பாறை கிழித்தது உண்டு, படகு விசிறி வெட்டியது உண்டு, நாய் கடித்தது இரண்டு, மனைவி கடித்தது ஒன்று. அந்தக் கடைசி ஆள் நீச்சல் உடையைக்கூட நனைக்காமல் வந்து, இருபதடி சுறா என்று என்னிடம் சத்தியம் செய்தார்.

இவர்களையெல்லாம் சமாளிக்க நானே ஒரு படிவம் தயாரித்தேன். பதினோரு பக்கம், இருபத்திரண்டு கேள்வி. நேரம், ஆழம், தண்ணீரின் நிறம், உடுத்தியிருந்தது என்ன என்று போகும். இருபத்தொன்றாம் கேள்வி, ‘சம்பவத்துக்கு மனிதத் தவறு காரணமா?’ என்பது. இருபத்திரண்டாவது, ‘ஆம் எனில், யாருடைய தவறு?’ என்பது. எல்லாக் கேள்விக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் பேனாவில் மை தீர்ந்துபோன மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். அதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது. அந்த சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தவன் என் கூடப்பிறந்த தம்பி.

தம்பி அதே அலுவலகத்தில் உயிர்காப்பு அணியின் தலைவன். அவனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். காலையில் கடலைச் சுற்றி வருவான். பத்து மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பான். அதற்காக ஒரு சுறாத் தாடை வைத்திருக்கிறோம். மரச்சட்டத்தில் வாயைப் பிளந்தபடி பொருத்திய, உலர்ந்த, அசல் தாடை. இடது பக்கம் மேல் வரிசையில் மூன்றாவது பல் மட்டும் இல்லை. ஏதோ ஒரு பள்ளிக்கூடம் வந்துபோன பிறகு அது காணாமல் போயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் அலுவலகத்தில் இல்லை. கேட்பு மிதவைக்கு மின்கலம் மாற்றக் கடலுக்குள் போயிருந்தேன். அடையாளக் கருவி பொருத்திய சுறா எதுவும் வளைகுடாவுக்குள் வந்தால், அந்த மிதவை கேட்டுவிட்டு என் கையிலிருக்கும் சின்னப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி ‘டொக்’ என்று ஒரு சத்தம் போடும். திங்கட்கிழமையிலிருந்தே அது டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. காரணம், பெரியம்மா வந்திருந்தாள்.

பெரியம்மா ஒரு புலிச்சுறா. பன்னிரண்டடி நீளம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் முதுகுத் துடுப்பில் கருவியைப் பொருத்தியவள் நான். மூன்று வருடத்துக்கு ஒரு முறை, இதே வாரத்தில், வயிறு முட்டக் கர்ப்பமாக வருவாள். இரண்டு வாரம் தங்குவாள். எல்லோரையும் கதிகலங்க வைப்பாள், ஒருவரையும் ஒன்றும் செய்ய மாட்டாள், குட்டிகளை விட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாள். எங்கள் குடும்பத்தில் சரியாக இதே மாதிரி ஒரு பெரியம்மா இருந்தாள், அதனால்தான் அந்தப் பெயர். சொந்தக்காரர்களில் பாதிப் பேரைவிட இந்தச் சுறா மேல் எனக்குப் பாசம் அதிகம். மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

படகு கரைக்குத் திரும்பும்போது சங்கு ஊதிக்கொண்டிருந்தது. சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கரை முழுக்கக் கூட்டம். ஐஸ் வண்டிக்காரர் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன ஆச்சு?”

“உங்க தம்பியச் சுறா கடிச்சிருச்சு மேடம். பதினஞ்சு அடி! என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

“சுறாவப் பாத்தீங்களா?”

“ரத்தத்தோட அவரு தண்ணியிலேர்ந்து வெளிய வந்ததப் பாத்தேன். வேற என்ன கடிக்கும், மேடம்? ஆமையா?”

நாற்பத்து மூன்று கடிகளைப் பார்த்தவள்தான். ஆனாலும் மருத்துவமனை வரை குதிகால் பிடரியில் பட ஓடினேன்.

தம்பி குப்புறப் படுத்திருந்தான். கடித்த இடம் அப்படி. வலது புட்டத்தில் பதினேழு தையல். உயிருக்கு ஒன்றும் இல்லை, உட்காருவதற்குத்தான் ஒரு மாதம் ஆகும் என்றார் மருத்துவர். கட்டில் பக்கத்தில் அவன் மனைவி தலையணை உறையைக் கடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னால் ஒரு பை ஆப்பிளுடன் அவள் அப்பா நின்றிருந்தார்.

அவர் தையல்காரர். பெண்ணை இவனுக்குக் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடத்தில் தம்பியை அவர் ஒரு தடவைகூட மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. “உங்க வீட்டு ஆளு” என்பார் பெண்ணிடம். நேரில் “ஏங்க” என்பார். காலில் செருப்பில்லாமல், அரை நிர்வாணமாக மணலில் நின்று விசில் ஊதுவது ஒரு தொழிலா என்பது அவர் கட்சி. துணியே போடாத உத்தியோகத்தைத் தையல்காரர் எப்படி மதிப்பார்?

அப்படிப்பட்டவர் அன்றைக்குக் குனிந்து, “வலிக்குதா மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

தம்பி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வலியால் என்று நினைத்தேன்.

அப்போதுதான் எங்கள் அலுவலகத் தலைவர் புயலாக நுழைந்தார். அவருக்கு ஒரு புதுப்படகு உண்டு. போன வருடம் வாங்கியது. கட்டிய ரிப்பனே இன்னும் அவிழவில்லை. அதில் ஆறு கொக்கி மிதவைகள் இருக்கின்றன. முழங்கை நீளக் கொக்கியில் இறைச்சியைக் கோத்து மிதக்கவிட்டால் வருகிற சுறா மாட்டிக்கொண்டு சாகும். ஆள் கடிபட்டால் மட்டும்தான் அதைப் போடலாம் என்பது விதி. ஒரு வருடமாக மனுஷன் ஒரு கடிக்காகத் தவம் கிடந்தார்.

“நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் படகு கிளம்புது” என்றார். முகத்தில் வருத்தம் இருந்தது. கண்ணில் கல்யாணக் களை இருந்தது.

“சார், விசாரணை முடியட்டும். எந்தச் சுறான்னே தெரியல.”

“எந்தச் சுறாவா இருந்தா என்ன மேடம்? நாம ஏதாவது செய்யறோம்னு ஜனங்களுக்குத் தெரியணும்.”

“இப்ப வளைகுடாவுல பெரியம்மா இருக்கா. பசியோட இருக்கா. முதல் கொக்கியிலேயே அவதான் மாட்டுவா.”

“அப்ப அவதான் கடிச்சிருப்பா” என்று முடித்தார் தலைவர். “நாளைக்கு மூணரைக்குள்ள படிவத்தக் குடுங்க.”

“என் தம்பி கேஸ நானே விசாரிக்கக் கூடாதே, சார்.”

“வேற யாரு இருக்கா? கடி டிபார்ட்மென்ட்டே நீங்க ஒருத்திதான.”

மறுநாள் காலை அளவெடுக்கப் போனேன். காயத்தின் மேல் கண்ணாடித் தாளைப் பரப்பி, பல் தடங்களை ஒவ்வொன்றாகப் பேனாவால் குறிப்பதுதான் முறை. அதிலிருந்து தாடையின் அகலமும், தாடையிலிருந்து சுறாவின் நீளமும் தெரியும். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

“அக்கா, நீயா பாக்கப் போற?” தம்பி போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“எடுடா கைய. சின்ன வயசுல கழுவிவிட்டதே நான்தான்.”

“அதையே எத்தன வருஷம் சொல்லிக் காட்டுவ?”

முதல் நாலு புள்ளி வைக்கும்போதே எனக்கு உறுத்தியது. சுறா கடித்தால் கவ்வும். மேல்வரிசை ஒரு பக்கம் பதியும், கீழ்வரிசை எதிர்ப்பக்கம் பதியும். ரொட்டித் துண்டைக் கடித்துப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். இங்கே மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒரே பக்கத்தில், வளையல் வைத்து வரைந்த மாதிரி முழு வட்டமாக இருந்தன. எந்தச் சுறாவும் மனிதனை இப்படி முத்திரை குத்தாது. வட்டத்தைச் சுற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் புள்ளி இல்லை. மேல் வரிசை, இடது பக்கம், மூன்றாவது பல்.

என் பேனா நின்றது. பிறகு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது, விளங்காமலே இருந்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை படகு ஏறுவதற்கு முன் அந்தத் தாடையைக் கழுவியது நான். பிள்ளைகள் அதில் மிட்டாயை ஒட்டிவைத்திருந்தார்கள். கழுவி, வெயில் படுகிற மாதிரி ஜன்னலோர நாற்காலியில் வாய் மேலே பார்க்கப் படுக்கவைத்து, தூசி படாமல் மஞ்சள் துண்டைப் போட்டு மூடியதும் நான். அது தம்பியின் நாற்காலி. என் நாற்காலியில் ஏன் வைக்கவில்லை? என் நாற்காலியில் நான் உட்காருவேனே.

“டேய்” என்றேன். “உன்னைக் கடிச்சது எது?”

அவன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

“டேய், நான் உன் அக்கா மட்டுமில்ல, விசாரணை அதிகாரி. வாயத் திற.”

“துண்டு மடிச்சு வெச்சிருக்குன்னு நெனச்சேன்க்கா” என்றான் தலையணைக்குள். “ரவுண்டு முடிச்சு ஈர நிக்கரோட வந்தேன். அப்படியே தொப்புன்னு உக்காந்தேன்.”

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்ததில் அது கன்றிப்போனது, அது வேறு கதை.

“அப்புறம்?”

“உயிரே போயிடுச்சு. கத்தவும் முடியல, கீழ குளிக்கிற ரூம்ல நம்ம டீம் பசங்க எல்லாம் இருந்தானுங்க. பின் படி வழியா ஓடி நேரா கடல்ல எறங்கிட்டேன், உப்புத் தண்ணி பட்டா ரத்தம் நிக்கும்னு. வெளிய வந்தா ஐஸ் வண்டிக்காரரு ‘சுறா சுறா’ன்னு கத்துறாரு. சங்கு ஊதிட்டாங்க. நான் சுறான்னு சொல்லவே இல்லக்கா. சத்தியமா. ஒரு வார்த்தகூட சொல்லல.”

“இல்லன்னும் சொல்லல.”

“எப்படிச் சொல்றது? உயிர்காப்புத் தலைவன், பாடம் எடுக்கிற தாடை மேல உக்காந்து பதினேழு தையல்! இந்த ஊருல இனி நான் தலைகாட்ட முடியுமா?”

“இன்னிக்கு நாலு மணிக்குக் கொக்கி போகுதுடா. பெரியம்மா செத்துருவா. வயித்துல இருக்கிறதோட.”

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

“மாமா என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாருக்கா. ஆறு வருஷத்துல மொத தடவ. இன்னிக்குக் காலையில ஆப்பிள் தோல் சீவிக் குடுத்தாரு. அந்த மனுஷன் கையால!”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே சமயம் பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் எப்போதும் கோபத்தைத்தான் வெளியே காட்டுவேன்.

“ஒரு ஆப்பிளுக்காக ஒரு உசுரக் கொல்லுவியா?” என்று கத்திவிட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். துண்டைப் போட்டு மூடியது யார் என்று மட்டும் நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் அந்தத் துண்டு அலமாரிக்குப் பின்னால் திணிக்கப்பட்டிருந்தது. வட்டமாக ஓட்டைகள், ரத்தக்கறை. தாடையைத் தம்பி அதன் இடத்தில் மாட்டிவிட்டுத்தான் ஓடியிருக்கிறான். அந்த வலியிலும் பொருளை எடுத்த இடத்தில் வைத்திருக்கிறான், வளர்ப்பு அப்படி.

தலைவரின் அறைக்குப் போனேன்.

“சார், பல் தடம் சந்தேகமா இருக்கு. கொஞ்சம் பொறுக்கலாமே.”

“என்ன சந்தேகம்? கொண்டாங்க பாக்கலாம்.” தாளைப் பிடுங்கினார். வெளியே போய், எதிர்ச் சுவரிலிருந்த தாடையைக் கழற்றி வந்து மேசையில் வைத்தார். அதன் மேல் தாளைப் போட்டார். புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பல்லின் மேல் போய் உட்கார்ந்தன.



“பாத்தீங்களா!” என்று தலைவர் மேசையை அறைந்தார். “அச்சு அசல்! அதே ஜாதி, அதே சைஸ். அட, அந்த ஓட்டப் பல்லுகூட அதே இடத்துல!”

“சார், அதைப் பத்திதான் நான்…”

“பரம்பரை மேடம், பரம்பரை! இது அந்தச் சுறாவோட சித்தப்பனோ மாமனோ. குடும்பமே இப்படித்தான் போல.”

ஒரு மனிதர் கையில் உண்மையை இவ்வளவு பொருத்தமாக வைத்த பிறகும் அவர் அதைப் பார்க்க மறுத்தால் நான் என்ன செய்ய முடியும்? சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, தாடையை நாற்காலியில் வைத்தது யார் என்பதுதான். தம்பியின் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டேன் என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தலைவர் தாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “சாயங்காலம் பத்திரிகைக்காரங்ககிட்ட இதையே காட்டிடலாம். படிவம் மெதுவா வரட்டும்.”

என் மேசைக்கு வந்து படிவத்தை எடுத்தேன். மதியம் மூன்று பத்துக்கு எழுதி முடித்தேன். இடம்: அலுவலக முதல் மாடி, ஜன்னலோரம். தண்ணீரின் ஆழம்: தண்ணீர் இல்லை. கடித்த சுறாவின் நிலை: இறந்து பதினான்கு வருடம் ஆகிறது. தாடை நாற்காலியில் வைக்கப்பட்டிருந்தது என்று எழுதினேன். வைத்தது யார் என்று எழுதவில்லை. இருபத்தொன்றாம் கேள்வி, மனிதத் தவறா? ஆம். இருபத்திரண்டு, யாருடையது? ‘பாதிக்கப்பட்டவருடையது. உட்காரும் முன் பார்க்கவில்லை.’ கையெழுத்துப் போட்டேன். மடித்துக் கைப்பையில் வைத்தேன். நாலு மணி வரை அவனுக்கு நேரம் கொடுப்பது, அதற்குள் அவனே சொல்லாவிட்டால் நான் நீட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். கூடப்பிறந்தவனைச் சந்தி சிரிக்க வைக்கப் போகிறேன் என்று தெரிந்தது. இருந்தாலும் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

படகுத்துறையில் பந்தல் போட்டிருந்தார்கள். இரண்டு கேமரா, நாலு நிருபர்கள், பாதி ஊர். ஐஸ் வண்டிக்காரருக்கு நல்ல வியாபாரம். அவருடைய சுறா அதற்குள் இருபத்தைந்தடி வளர்ந்திருந்தது. ரிப்பன் கட்டிய படகில் ஆறு கொக்கிகளிலும் இறைச்சி தொங்கியது. பின்வரிசையில் தம்பி மனைவியும் தையல்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பியை ஒரு வண்டியில், நின்றபடியே, கொண்டுவந்து இறக்கினார்கள். மேடை நடுவில் வெல்வெட் போட்ட நாற்காலி காத்திருந்தது.

“உக்காருங்க, உக்காருங்க” என்றார் தலைவர்.

“பரவால்ல சார், நிக்கிறேன்.”

“என்ன அடக்கம் பாருங்க!” என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கை தட்டியது. பிறகு தாடையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தார். “நம்ம வீரரக் கடிச்சது சரியா இதே அளவு சுறா. இன்னும் பத்து நிமிஷத்துல அதைப் பிடிக்கப் படகு கிளம்புது.”

ஒரு பெண் நிருபர் ஒலிவாங்கியைத் தம்பியிடம் நீட்டினாள். “சுறாவ மொதல்ல எங்க பாத்தீங்க, சார்?”

தம்பி கூட்டத்தைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் ஒரு கை பையின் மேல் இருந்தது. இன்னொரு கையில் பெட்டி. அந்த நேரம் பார்த்து அது ‘டொக்’ என்றது. கூட்டத்தில் வேறு யாருக்கும் அது எட்டவில்லை. எங்கள் இருவருக்கும் எட்டியது.

“நாற்காலியில” என்றான் தம்பி.

“எங்க?”

“ஆபீஸ் நாற்காலியில. இதோ, சார் கையில இருக்கே, இதுதான் கடிச்சது. நான் பாக்காம இது மேல உக்காந்துட்டேன். கடல்ல எந்தச் சுறாவும் என்னை ஒண்ணும் பண்ணல. வளைகுடாவுல இருக்கிறது புள்ளத்தாச்சி. அதை விட்டுருங்க.”

தலைவர் தூக்கிய தாடையை இறக்கவும் தோன்றாமல், அதன் வட்டத்துக்குள் முகம் தெரிய நின்றார். பிறகு ஐஸ் வண்டிக்காரர் ஆரம்பித்து வைத்தார். அந்தச் சிரிப்பு முன்வரிசையிலிருந்து படகு வரை ஓடி, படகோட்டி ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். தம்பி காது மடல் வரை சிவந்து நின்றான். அவனால் ஓடவும் முடியாது, உட்காரவும் முடியாது.

“யாரு?” தலைவர் உறுமினார். “யாரு இதை நாற்காலியில வெச்சது? அந்த ஆளுக்கு மூணு மாசம் சஸ்பென்ஷன். கடல் பக்கமே தலவெச்சுப் படுக்கக் கூடாது. யாரு?”

நான் குனிந்து கையிலிருந்த பெட்டியைப் பார்த்தேன். பதினோரு வருடமாக ஊரையே குடைந்து குடைந்து கேள்வி கேட்டவள் நான்.

“நான்தான் சார்” என்றான் தம்பி. “வெச்சிட்டு மறந்துட்டேன்.”

ரிப்பன் அவிழாமல் படகு திரும்பிப் போனது. இறைச்சியைக் கடற்பறவைகள் பார்த்துக்கொண்டன. கூட்டம் கலைந்ததும் தம்பி மனைவி வந்து அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். உடனே அங்கேயே முகத்தை வைத்துச் சிரித்தாள், அழுதாள். அவளுக்குப் பின்னால் தையல்காரர் மெதுவாக வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே தம்பியின் நீல நிக்கர், கிழிசல் தெரியாமல் தைத்து, உட்காருமிடத்தில் இரட்டைத் துணி வைத்து.

“நேத்தே இதைக் குடுத்தாங்க ஆஸ்பத்திரியில” என்றார். “ஓட்டையெல்லாம் ஒரே பக்கம். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் மஞ்ச நூலு. ஏம்மா, சுறா என்ன, துண்டு கட்டிக்கிட்டா வரும்?”

பல் ஆராய்ச்சியில் நான் ஒரு நாள் எடுத்துக்கொண்டதை இந்த மனிதர் நூலைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

“தெரிஞ்சுக்கிட்டேவா மாமா சும்மா உக்காந்திருந்தீங்க?” என்று கேட்டேன்.

“நான் உக்காந்துதான் இருந்தேன். உங்க தம்பிக்குத்தான் முடியல.”

“அப்ப ஏன் மாமா என்னை மாப்பிள்ளைன்னு…” தம்பியால் கேள்வியை முடிக்க முடியவில்லை.

தையல்காரர் நிக்கரை உதறி மடித்தார். அவனைப் பார்க்காமலே பேசினார். “என் பொண்ணு அப்படி அழுது நான் பாத்ததே இல்ல. அவ அம்மா போனப்பகூட அப்படி அழல. சரி, இந்த ஆளுகிட்ட ஏதோ இருக்கு போலன்னு நெனச்சேன். அதுக்கும் சுறாவுக்கும் என்ன சம்பந்தம்?” பொட்டலத்தை அவன் கையில் திணித்தார். “இனிமே பாத்து உக்காருங்க, மாப்பிள்ளை.”

அப்பாவும் பெண்ணும் வண்டியைக் கொண்டுவரப் போனார்கள். நானும் தம்பியும் துறையின் ஓரத்தில் நின்றோம். பெட்டி மறுபடி ‘டொக்’ என்றது.

“ஏன்டா நான்தான்னு சொன்ன?”

“தாடைய நாற்காலியில வெச்சு, அதுக்குத் துண்டு வேற போத்திவிடற ஆளு இந்த உலகத்துலயே நீ ஒருத்திதான்க்கா. உக்காந்தப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“மூணு மாசம் நீ இல்லன்னா பெரியம்மாவ யாரு பாப்பா? நான் எப்படியும் ஒரு மாசம் நின்னுக்கிட்டுத்தான இருக்கப் போறேன்.” அவன் கடலைப் பார்த்தபடி கேட்டான். “ஏன்க்கா, நான் சொல்லலன்னா நீ படிவத்தக் குடுத்திருப்பியா?”

மூன்று பத்துக்குக் கையெழுத்துப் போட்ட தாள் என் பைக்குள் இருந்தது.

“இல்லடா” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னை அறைந்த மாதிரி இருந்தது.

அவனை வண்டியில் குப்புற ஏற்றிவிட்டேன். பெட்டியை அவன் கையில் கொடுத்து, “ஒரு நாளைக்கு எத்தன டொக்குன்னு எழுதி வை. குட்டி போட்டுட்டு வெளிய போனதும் எனக்கு ஒரு போன் பண்ணு” என்றேன். ஏன் என்று கேட்டான். வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அலுவலகப் படி முழுக்க மணல். மாடியில் யாரும் இல்லை. ஜன்னலோர நாற்காலியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு அதில் உட்கார்ந்தேன். படிவத்தைப் பிரித்தேன். கடைசிப் பக்கத்தில், கடைசிக் கேள்விக்கு நான் எழுதியிருந்த பதிலை அடித்தேன். யாருடைய தவறு? பேனாவில் மை நிறைய இருந்தது.

‘அக்காவுடையது’ என்று எழுதினேன்.